மாணவர் பயிற்சி: இளம் பொறியாளர் மேற்பார்வை பழகும் களம்

தொழிற்சாலையில் ஒரு பொறியாளருக்கு மேற்பார்வைப் பொறுப்பு வருவது பெரும்பாலும் அவருடைய தொழில்நுட்பத் திறமையை வைத்துத்தான். டிராயிங்கைப் பிழையின்றிப் படிப்பவர், பழுதைச் சட்டென்று கண்டுபிடிப்பவர் என்று பெயர் எடுத்தவரிடம் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு ஷிப்டோ ஒரு பிரிவோ ஒப்படைக்கப்படுகிறது. அதுவரை அவர் இன்னொருவருடைய வேலையைத் திட்டமிட்டிருக்க மாட்டார். யாருக்கும் முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். ஒருவருடைய வேலையில் உள்ள குறையை அவரிடமே நேரில் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார். உற்பத்தி இலக்கு கழுத்தை நெரிக்கும் ஒரு ஷிப்டின் நடுவில், 20 பேருக்கு முன்னால், இவை அனைத்தையும் அவர் முதன்முதலாகப் பழக வேண்டியிருக்கிறது.

ஆண்டுதோறும் பயிற்சிக்கு வரும் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் இந்தக் குறையைத் தீர்க்க நல்ல வாய்ப்பு. ஒரு மாணவரை ஆறு வாரம் பொறுப்பேற்று நடத்தும் பொறியாளர், வேலையைத் தேர்ந்தெடுத்தல், திட்டமிடல், கற்பித்தல், ஒப்படைத்தல், கண்காணித்தல், மதிப்பிடுதல், விடைகொடுத்தல் என்று மேற்பார்வையின் முழுச் சுற்றையும் சிறிய அளவில் கடந்துவிடுகிறார். பொறுப்பு உண்மையானது, தவறு நேர்ந்தாலும் இழப்பு சிறியது. ஆனால் இந்தப் பலன் தானாக வராது. மாணவர் பயிற்சியைப் பொறியாளருக்கான பயிற்சியாகவும் நிர்வாகம் திட்டமிட்டால்தான் வரும்.

பயிற்சியின் வகைகள்

படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றி நடத்தும் முறையை அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் தொடங்கினார். கோவையில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்கூடம் 1926லிருந்து இயங்கியது. அதே அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரி 1951இல் தொடங்கப்பட்டது. பட்டப்படிப்பை ஐந்தாண்டாக நீட்டித் தொழிற்கூட வேலையை அதில் சேர்த்த ‘சாண்ட்விச்’ படிப்புகளை அக்கல்லூரி நடத்தியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்புக்கும் மதிப்பெண் அலகு கொடுத்தது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் தேடிப்போன பயிற்சி இன்று படிப்பின் பகுதியாகிவிட்டது. மாணவர் வருகை ஆண்டுக்கு ஆண்டு உறுதியாக இருப்பதால், தொழிற்சாலையும் முன்கூட்டித் திட்டமிட முடிகிறது.

தமிழ்நாட்டில் பயிற்சிக்கு வருபவர்கள் ஐந்து வகையினர். ஒவ்வொரு வகையும் மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு திறமையை வளர்க்கும்.

1. இன்-பிளான்ட் டிரெயினிங்: ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குக் குழுவாக வருவார்கள். பலருக்கு ஒரே நேரத்தில் விளக்குதல், நேரத்தைப் பிரித்துக் கொடுத்தல் ஆகியவற்றைப் பழக ஏற்றது.

2. விடுமுறைக் கால இன்டர்ன்ஷிப்: நான்கு முதல் ஆறு வாரம், ஒருவர் அல்லது இருவர். மேற்பார்வையின் முழுச் சுற்றையும் பழக மிகவும் பொருத்தமானது.

3. இறுதியாண்டு ப்ராஜெக்ட்: மூன்று நான்கு பேர் கொண்ட குழு ஒரு செமஸ்டர் முழுவதும் விட்டுவிட்டு வந்துபோகும். நேரில் இல்லாதவர்களின் வேலையைத் தொடர்ந்து கவனிப்பது, கல்லூரி வழிகாட்டியோடு ஒத்துப்போவது ஆகியவை இதில் பழக்கமாகும்.

4. சாண்ட்விச் டிப்ளமோ: மூன்றரை ஆண்டுப் படிப்பு. நான்காம், ஏழாம் செமஸ்டர்களில் மாணவர் தொழிற்சாலையில் பயிற்சி பெறுவார். நீண்ட காலம் உடனிருப்பதால் படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டலாம்.

5. அப்ரென்டிஸ்: 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டபோது பட்டதாரி, டிப்ளமோ பொறியாளர்களும் அதற்குள் வந்தார்கள். இவர்கள் படிப்பை முடித்தவர்கள், ஓராண்டு இருப்பார்கள். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

முதன்முறை மேற்பார்வை பழகுபவருக்கு இரண்டாவது வகையே சரியான தொடக்கம். இந்த அத்தியாயத்தின் விளக்கங்கள் ஆறு வார இன்டர்ன்ஷிப் ஒன்றை வைத்தே அமைந்துள்ளன.

யாரிடம் ஒப்படைப்பது

பல தொழிற்சாலைகளில் மாணவர் கடிதத்தோடு மனிதவளப் பிரிவுக்கு வருகிறார். அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த நேரத்தில் கையில் வேலை குறைவாக உள்ளவரிடம் அனுப்புகிறார்கள். அவர் இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறார். இரண்டாம் வாரத்தில் மாணவர் நூலகத்திலோ கேன்டீனிலோ உட்கார்ந்திருக்கிறார். இதைத் தவிர்க்கப் பொறுப்பாளரின் பெயர் மாணவர் வருவதற்கு முன்பே முடிவாக வேண்டும்.

இரண்டு ஆண்டுக்குக் குறையாத அனுபவமும், அடுத்த ஓரிரு ஆண்டில் ஆட்களை நடத்த வேண்டிய நிலையும் உள்ள பொறியாளரே இதற்கு ஏற்றவர். வேலை நன்றாகத் தெரிந்தும் பேசத் தயங்குபவரை ஒதுக்கிவிடக் கூடாது. இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுபவர் அவர்தான்.

பொறுப்பை ஒப்படைக்கும் மேலாளர் மூன்று ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். முதலாவது, நேரம். முதல் வாரத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் மாணவருக்காகச் செலவிடலாம் என்று அனுமதித்து, அந்த அளவுக்குப் பொறியாளரின் சொந்த வேலையைக் குறைக்க வேண்டும். இரண்டாவது, அதிகாரம். மாணவரின் வேலையைத் தீர்மானிக்கவும் மாற்றவும் பொறியாளருக்கு உரிமை இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓடக் கூடாது. மூன்றாவது, தாமே வழிகாட்டியாக இருப்பது. வாரத்துக்கு 20 நிமிடம் பொறியாளரோடு உட்கார்ந்து, மாணவரை அவர் நடத்தும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மூன்றாவது ஏற்பாடு விட்டுப்போனால் மாணவர் ஏதோ கற்றுக்கொண்டு போவார். பொறியாளரின் கற்றல் பாதியில் நிற்கும்.

வேலையைத் தேர்ந்தெடுத்தல்

மாணவருக்குத் தரும் வேலை நான்கு சோதனைகளில் தேற வேண்டும். அது தொழிற்சாலைக்கு உண்மையிலேயே தேவையாக இருக்க வேண்டும். தாமதமானால் உற்பத்தியோ வாடிக்கையாளருக்கு அனுப்பும் சரக்கோ நிற்கக் கூடாது. ஆறு வாரத்தில் முடியும் அளவில் இருக்க வேண்டும். முடிந்ததா, எவ்வளவு முடிந்தது என்பதை எண்ணால் சொல்ல முடிய வேண்டும்.

ஒரு பிரிவில் கழிவாகும் பொருள்களைக் காரணவாரியாகப் பிரித்து அட்டவணை இடுதல், டூல் ஸ்டோரில் உள்ளவற்றை வகைப்படுத்திப் பட்டியல் இடுதல், டை மாற்றும் நேரத்தைப் படிப்படியாக அளந்து பதிவு செய்தல், அழுத்தக் காற்றுக் குழாய்களில் கசிவைக் கண்டுபிடித்தல் ஆகியவை இந்தச் சோதனைகளில் தேறும். கடைசியாகச் சொன்ன கசிவு வேலையையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

சுமார் 7 பார் அழுத்தத்தில் உள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் துளை இருந்தால், அதில் வீணாகும் காற்றை ஈடுசெய்யக் கம்ப்ரஸர் ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரத்தைத் தொடர்ந்து எடுக்கும். கசிவின் மொத்த அளவை அறியவும் எளிய வழி இருக்கிறது. எல்லா இயந்திரங்களும் நிற்கும் நேரத்தில் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, அது காற்று ஏற்றும் நேரத்தையும் ஏற்றாமல் சும்மா ஓடும் நேரத்தையும் சில சுற்றுகளுக்கு அளக்க வேண்டும். ஏற்றும் நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் பங்கு கிடைக்கும். ஒன்றரை நிமிடம் ஏற்றி, நாலரை நிமிடம் சும்மா ஓடினால், கம்ப்ரஸரின் திறனில் 25 சதவீதம் கசிவுக்குப் போகிறது என்று பொருள். வேகத்தை மாற்றி ஓடும் கம்ப்ரஸர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்றி இறக்கி ஓடும் வகைக்கே பொருந்தும்.

வேலை முடிவானதும் பொறியாளர் ஒரு பக்கத்துக்கு மிகாமல் பணிக்குறிப்பு எழுத வேண்டும். என்ன செய்ய வேண்டும், ஏன், எதைத் தொடக் கூடாது, யாரிடம் என்ன உதவி கிடைக்கும், எந்த வாரத்தில் எது முடிய வேண்டும், இறுதியில் எதை ஒப்படைக்க வேண்டும் ஆகிய ஆறும் அதில் இருந்தால் போதும். கசிவு வேலைக்கான வாரத் திட்டம் இப்படி அமையலாம்:

- முதல் வாரம்: பாதுகாப்பு அறிமுகம், குழாய் வழித்தட வரைபடம்.
- இரண்டாம் வாரம்: வார விடுமுறை நாளில் கசிவின் மொத்த அளவைக் கணித்தல்.
- மூன்றாம் வாரம்: ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, கசியும் இடத்தில் டேக் கட்டுதல்.
- நான்காம் வாரம்: மெயின்டெனன்ஸ் பிரிவு பழுது பார்க்கும்போது உடனிருந்து பதிவு செய்தல்.
- ஐந்தாம் வாரம்: மறு அளவீடு, மிச்சமான மின்சாரத்தின் கணக்கு.
- ஆறாம் வாரம்: அறிக்கை, பிரிவினர் முன்னிலையில் 15 நிமிட விளக்கம்.

இந்த ஒரு பக்கத்தை எழுதும்போதே பொறியாளர் முதல் பாடத்தைக் கற்றுவிடுகிறார். தாமே செய்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை, புதியவர் கையில் ஆறு வாரம் எடுக்கும். இன்னொருவரின் வேகத்தில் யோசித்துத் திட்டமிடுவதில்தான் மேற்பார்வை தொடங்குகிறது.

முதல் வாரம்

முதல் நாள் வாயிலில் தொடங்குகிறது. கேட் பாஸ், பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், கண்ணாடி, உட்கார ஓர் இடம் ஆகியவை மாணவர் வரும் முன் தயாராக இருக்க வேண்டும். பஸ் நேரம், சாப்பாட்டு ஏற்பாடு, கழிப்பறை ஆகியவற்றை முதல் நாளே காட்டிவிடுவது நல்லது. மாணவியர் வரும்போது, அவர்கள் மாலை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், குறைகளை யாரிடம் சொல்ல வேண்டும், பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பில் சட்டமும் பேசுகிறது. தொழிற்பழகுநர் சட்டம், அப்ரென்டிஸ்களை ஊழியர்களாகக் கருதாவிட்டாலும், உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி ஆகியவற்றில் தொழிலாளருக்குரிய காப்பை அவர்களுக்கும் நீட்டுகிறது. உரிய அனுமதியின்றி அவர்களிடம் ஓவர்டைம் வாங்கவும் தடை விதிக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர் பயிற்சிக்கு வரும்போது 18 வயது நிரம்பாதவராக இருக்கலாம். அந்த வயதினர் ஆபத்தான இயந்திரங்களில் வேலை செய்வதற்கு, முழுமையான முன்னறிவிப்பையும், அதோடு போதிய பயிற்சி அல்லது அனுபவமுள்ளவரின் மேற்பார்வையையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே நிபந்தனை ஆக்கியது. மாணவரின் வயதையும் கல்லூரி எடுத்துள்ள விபத்துக் காப்பீட்டையும் முதல் நாளே கேட்டுப் பதிவு செய்வது பொறியாளரின் கடமை.

அடுத்தது அறிமுகம். 25 ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டரிடம் கல்லூரி மாணவர் நேரடியாகப் போய் “மெஷினை நிறுத்துங்க” என்றால் மனவருத்தம்தான் மிஞ்சும். பொறியாளர் உடன் சென்று சொல்ல வேண்டும்: “அண்ணே, இந்தத் தம்பி ஆறு வாரம் ஏர் லைன் பார்க்கப் போறார். எங்கெங்க சத்தம் வருதுன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். கொஞ்சம் காட்டிக்கொடுங்க.” இந்த இரண்டு மூன்று வாக்கியங்கள் மாணவருக்கு வழியைத் திறக்கின்றன, ஆபரேட்டரின் அறிவுக்கும் மதிப்புத் தருகின்றன. பிரிவில் உள்ள ஒவ்வொருவரையும் எப்படி அணுகுவது என்பதைப் பொறியாளரும் இந்தச் சாக்கில் யோசித்துப் பார்க்கிறார்.

கற்பிக்கும் முறை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகள் புதியவர்களால் நிரம்பின. அவர்களுக்கு வேகமாகத் தொழில் சொல்லிக்கொடுக்க மேற்பார்வையாளர்களைத் தயார்செய்யும் ‘டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுத் திட்டம் 1940 முதல் 1945 வரை நடந்தது. வேலையைக் கற்பித்தல், வேலை முறையைச் சீராக்குதல், ஆட்களோடு உறவைப் பேணுதல் என்ற மூன்று பாடங்கள் அதன் முதுகெலும்பு. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதை ஆழமாக ஏற்றுக்கொண்டன. அதில் கற்பித்தலுக்குச் சொன்ன நான்கு படிகள் இன்றும் அப்படியே பயன்படுகின்றன.

முதல் படி, கற்பவரைத் தயார்செய்வது: பதற்றத்தைத் தணித்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது. இரண்டாம் படி, செய்து காட்டுவது: ஒரு நேரத்தில் ஒரு கட்டம் மட்டும், முக்கியக் குறிப்போடும் காரணத்தோடும். மூன்றாம் படி, செய்ய விடுவது: கற்பவர் செய்துகொண்டே என்ன, ஏன் என்று தம் வாயால் விளக்க வேண்டும். நான்காம் படி, தொடர்ந்து கவனிப்பது: தனியாக வேலை செய்ய விட்டு, அடிக்கடி பார்த்து, பிறகு பார்ப்பதைக் குறைத்துக்கொண்டே போவது.

இந்த முறையின் வலிமை, கற்பிப்பவர் முன்கூட்டித் தயாரிக்கும் வேலைப் பிரிப்புத் தாளில் இருக்கிறது. கசிவுக்கு டேக் கட்டும் வேலையை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

- இணைப்பில் சோப்புக் கரைசலைத் தடவுதல். முக்கியக் குறிப்பு: பிரஷ்ஷால் தடவிச் சில விநாடி பொறுத்துப் பார்க்க வேண்டும், கையையோ முகத்தையோ அருகில் கொண்டுபோகக் கூடாது. காரணம்: சிறு கசிவில் குமிழ் மெதுவாகவே வரும், அழுத்தக் காற்று கண்ணையும் தோலையும் காயப்படுத்தும்.
- டேக் எழுதிக் கட்டுதல். முக்கியக் குறிப்பு: எண், இடம், கசிவின் அளவு மூன்றும் இருக்க வேண்டும். காரணம்: ஃபிட்டர் யாரையும் கேட்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.
- பதிவேட்டில் ஏற்றுதல். முக்கியக் குறிப்பு: டேக் கட்டிய இடத்திலேயே எழுத வேண்டும். காரணம்: மாலையில் நினைவிலிருந்து எழுதினால் எண்கள் மாறும்.

தாமே தினமும் செய்யும் வேலையை இப்படிப் பிரித்து எழுதும்போது, காரணம் தெரியாமல் பழக்கத்தால் செய்துவந்தவை எவை என்பது பொறியாளருக்கே புலப்படும்.

கற்பிக்கும்போது கைவிட வேண்டிய ஒரு கேள்வி உண்டு: “புரிஞ்சுதா?” இதற்கு “புரிஞ்சுது சார்” என்ற ஒரே பதில்தான் வரும். மரியாதையும் தயக்கமும் மாணவரை அப்படிச் சொல்ல வைக்கின்றன. “இதை நாளைக்கு நீங்களே செய்யணும்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டால் புரிந்ததும் புரியாததும் உடனே வெளிவரும்.

பொறுப்பை ஒப்படைத்தல்

இளம் மேற்பார்வையாளர்கள் இரண்டு பக்கமும் தடுமாறுவார்கள். சிலர் எல்லாவற்றையும் தாமே செய்து, மாணவரைக் கூட நிற்க வைப்பார்கள். சிலர் முதல் நாளே “போய்ப் பாருங்க” என்று அனுப்பிவிட்டு ஆறாம் வாரம் அறிக்கை கேட்பார்கள். ஒப்படைப்பு நான்கு நிலைகளில் ஏற வேண்டும்: பார்ப்பது, சேர்ந்து செய்வது, செய்யும் முன் கேட்டுவிட்டுச் செய்வது, செய்துவிட்டுச் சொல்வது. ஒவ்வொரு வேலைக்கும் மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறியாளர் குறித்து வைக்க வேண்டும். பதிவேடு எழுதுவதில் நான்காம் நிலையை எட்டியவர், மெயின்டெனன்ஸ் பிரிவிடம் ஆள் கேட்பதில் இரண்டாம் நிலையிலேயே இருக்கலாம்.

எக்காலத்திலும் மாணவரிடம் விடக் கூடாதவையும் உண்டு. வொர்க் பெர்மிட் வாங்குவது, மின்சாரத்தையோ காற்றழுத்தத்தையோ துண்டித்துப் பூட்டுப் போடுவது, தரப் பதிவேட்டில் கையெழுத்திடுவது, உயரத்தில் ஏறுவது ஆகியவை அதில் அடங்கும். காற்றுக் குழாய்கள் பெரும்பாலும் கூரையை ஒட்டியே ஓடும். மேலே உள்ள இணைப்புகளை அனுமதி பெற்ற ஊழியர் ஏறிப் பார்க்க, மாணவர் கீழிருந்து பதிவு செய்வதே முறை. வேலையை ஒப்படைத்தாலும் அதன் விளைவுக்குப் பொறுப்பு பொறியாளரிடமே இருக்கும். மாணவர் தப்பாக அளந்த எண் மேலாளரிடம் போய்விட்டால், “பையன் தப்பா எழுதிட்டான்” என்பது மேற்பார்வையாளர் சொல்லக்கூடிய பதில் ஆகாது.

கண்காணிப்பும் கருத்துரையும்

தினமும் வேலை தொடங்கும்போது பத்து நிமிடம், வாரக் கடைசியில் அரை மணி நேரம் என்ற ஒழுங்கு போதுமானது. தினச் சந்திப்பை நின்றுகொண்டே நடத்தலாம்: நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எங்கே தடை. வாரச் சந்திப்புக்கு மாணவரே ஒரு தாள் எழுதி வர வேண்டும். திட்டமிட்டது, முடிந்தது, இடைவெளிக்குக் காரணம், அடுத்த வாரம், தேவைப்படும் உதவி என்ற ஐந்து தலைப்புகள் அதில் இருக்கும். இந்தச் சந்திப்புகளைத் தள்ளிப்போடுவதுதான் பயிற்சி கெடுவதற்கான முதல் அறிகுறி.

குறையைச் சொல்வது பெரும்பாலான இளம் பொறியாளர்களுக்குக் கடினமான பகுதி. ஆளைப் பற்றிச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதை, அதன் விளைவை, அடுத்துச் செய்ய வேண்டியதை அந்த வரிசையில் சொல்ல வேண்டும். “உங்களுக்குக் கவனமே இல்லை” என்றால் மாணவர் சுருங்கிப்போவார். “நேத்து 14 டேக் கட்டியிருக்கீங்க. அதுல அஞ்சுக்கு இடம் எழுதலை. ஃபிட்டர் தேடிப் பார்த்துட்டுத் திரும்பிட்டார். முதல்ல அந்த அஞ்சையும் முடிச்சுட்டு அடுத்த லைனுக்குப் போங்க” என்பது வேலையைத் திருத்தும். குறையைத் தனியாகவும் பாராட்டை நான்கு பேர் முன்னாலும் சொல்வது பழைய வழக்கம். அது இங்கேயும் பொருந்தும்.

அடிக்கடி எதிர்ப்படும் சில நிலைமைகளுக்கு முன்கூட்டியே தயாராக இருக்கலாம்.

- மாணவர் தினமும் தாமதமாக வருகிறார்: முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். பஸ் நேரம் காரணமானால் வேலை நேரத்தை மாற்றலாம். அக்கறைக் குறைவானால் எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.
- கேள்வியே கேட்பதில்லை: தினம் இரண்டு கேள்வி எழுதி வரச் சொல்லலாம்.
- மென்பொருளிலோ கணினி நிரலிலோ பொறியாளரைவிட அதிகம் தெரிந்திருக்கிறார்: அதை ஒப்புக்கொண்டு, பிரிவினருக்கு ஒரு சிறு விளக்கம் தரச் சொல்ல வேண்டும். தமக்குத் தெரியாத துறையில் வல்லவரை நடத்துவது எல்லா மேலாளரும் ஒருநாள் சந்திக்க வேண்டியது.
- ஆபரேட்டரோடு உரசல்: இரண்டு பேரையும் தனித்தனியே கேட்ட பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

மாணவரும் மேற்பார்வை கற்கலாம்

பயிற்சியில் மாணவர் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். ஆனால் பணியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே டிப்ளமோ படித்தவர்கள் ஷிப்ட் சூப்பர்வைசர்களாகிறார்கள். ஆகவே அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

எளிய வழி, ஒரு முழு ஷிப்ட் மேற்பார்வையாளரோடு நிழல்போல இருக்கச் செய்வது. வராத ஆட்களுக்குப் பதில் யாரை எந்த இயந்திரத்தில் போடுகிறார், இயந்திரம் பழுதானால் முதலில் யாருக்குச் சொல்கிறார், அடுத்த ஷிப்ட்காரருக்கான புத்தகத்தில் எதை எழுதுகிறார், எதை வாயால் மட்டும் சொல்கிறார் என்பவற்றை மாணவர் குறித்துக்கொண்டு, அவர் அப்படி முடிவெடுத்ததற்கான காரணத்தை மறுநாள் விவாதிக்க வேண்டும். இரண்டு மாணவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தால், முன்னவர் பின்னவருக்கு வேலையைக் கற்பித்து ஒப்படைத்துவிட்டுப் போகுமாறு ஏற்பாடு செய்யலாம்.

மதிப்பீடும் சான்றிதழும்

மதிப்பீட்டைக் கடைசி நாளில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. வேலையின் தரம், நேர ஒழுங்கு, பாதுகாப்புப் பழக்கம், கற்கும் வேகம், பிறரோடு பழகும் முறை ஆகிய ஐந்தையும் மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வை ஆதாரமாகக் காட்ட வேண்டும். மூன்றாம் வார மதிப்பீட்டை மாணவரிடம் காட்டினால் திருந்த அவகாசம் இருக்கும். ஆறாம் வாரத்தில் அவருக்கு எதுவும் அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. இருந்தால், இடையில் பேச வேண்டியதை மேற்பார்வையாளர் பேசவில்லை என்று பொருள்.

வராத நாளுக்கு வந்ததாக எழுதித் தருவதும், நடக்காத பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுப்பதும் இத்துறையில் உள்ள பெரிய கேடுகள். தெரிந்தவர், உறவினர், கல்லூரி ஆசிரியர் எனப் பல வழியில் அழுத்தம் வரும். தாம் கையெழுத்திடும் தாளில் உள்ளது உண்மையாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே கைவிடும் பொறியாளர், நாளை ஆய்வு அறிக்கையிலும் அதைக் கைவிடுவார்.

பொறியாளர் என்ன கற்றார்

மாணவர் விடைபெற்ற வாரத்திலேயே மேலாளரும் பொறியாளரும் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்:

1. திட்டத்தில் எந்த வாரம் தவறியது? நேர மதிப்பீடு தப்பா, மேற்பார்வை தப்பா?
2. எந்த வேலையை இன்னும் முன்பே ஒப்படைத்திருக்கலாம்? எதை அவசரப்பட்டு ஒப்படைத்தோம்?
3. சொல்லத் தயங்கித் தள்ளிப்போட்ட குறை எது?
4. மாணவர் இல்லாமல் பொறியாளர் தாமே செய்திருந்தால் கிடைத்திருக்காத பலன் என்ன?
5. அடுத்த மாணவருக்கு எதை மாற்றுவது?

மாணவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். சான்றிதழைக் கொடுத்த பிறகு, பொறியாளர் இல்லாதபோது மேலாளர் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

ஒரு முறை நடத்தியதோடு நிறுத்திவிடக் கூடாது. முதல் ஆண்டு ஒரு மாணவர். அடுத்த ஆண்டு வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு மாணவர்கள். நேரத்தைப் பங்கிடுவதும் ஒப்பிடாமல் நடத்துவதும் இப்போது சேர்கின்றன. மூன்றாம் ஆண்டு பிரிவின் மொத்தப் பயிற்சிக்கும் ஒருங்கிணைப்பாளர்: கல்லூரிகளோடு பேசுவது, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது, புதிய பொறியாளர்களை வழிகாட்டிகளாக நியமித்து அவர்களை நடத்துவது. மேற்பார்வை செய்பவர்களை மேற்பார்வை செய்வது மேலாண்மையின் அடுத்த படி. இதைக் கடந்தவரிடம் ஒரு ஷிப்டை ஒப்படைப்பதில் நிர்வாகத்துக்குத் தயக்கம் இருக்காது.

பணிக்குறிப்பு, வேலைப் பிரிப்புத் தாள், வாரத் தாள்கள், மதிப்பீடு ஆகியவற்றைப் பொறியாளர் கோப்பாக வைத்திருப்பது பிற்காலத்துக்கு உதவும். பிரிட்டனில் சார்ட்டர்டு பொறியாளர் தகுதிக்கு வகுக்கப்பட்ட ஐந்து திறன் தொகுதிகளில் ஒன்று பொறுப்பு, மேலாண்மை, தலைமை பற்றியது. அதற்குச் சொந்த வேலையிலிருந்தே சான்று காட்ட வேண்டும். மாணவரை நடத்திய கோப்பு அத்தகைய தொடக்கச் சான்றாகும்.

சிறு தொழிற்கூடங்களில்

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் மனிதவளப் பிரிவும் இருக்காது, தனி மேலாளரும் இருக்க மாட்டார். அங்கே மூத்த டர்னரோ ஃபிட்டரோ மாணவருக்குப் பொறுப்பாளராகலாம்; உரிமையாளர் வழிகாட்டியாகலாம். பணிக்குறிப்பு, தினச் சந்திப்பு, வாரத் தாள் என்ற மூன்றை மட்டும் விடாமல் செய்தால் போதும். நாளைக்கு ஃபோர்மேனாக யாரை வைப்பது என்று யோசிக்கும் உரிமையாளருக்கு, ஒருவர் மாணவரை நடத்தும் விதமே தெளிவான விடையைத் தரும்.

தவிர்க்க வேண்டியவை

மாணவரை ஊதியமில்லா ஆளாகக் கருதி, விடுப்பில் போன ஊழியருக்குப் பதில் இயந்திரத்தில் நிறுத்துவது சட்டத்துக்கும் பயிற்சிக்கும் விரோதமானது. ஜெராக்ஸ் எடுக்கவும் கோப்பு அடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது இரண்டு பேரின் நேரத்தையும் வீணாக்கும். ஒரே நேரத்தில் ஒரு பொறியாளரிடம் ஐந்தாறு பேரைக் கட்டிவிடுவதும், பாதியில் பொறுப்பாளரை மாற்றுவதும், பயிற்சி அறிக்கையை யாரும் படிக்காமல் அலமாரியில் போடுவதும் இதே வகை. மாணவரின் அறிக்கையில் உள்ள பரிந்துரைகளில் ஒன்றையாவது நிறைவேற்றி, அதை அவருக்கும் கல்லூரிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

மேற்பார்வை என்பது வகுப்பறையில் கேட்டுத் தேறும் பாடமல்ல. ஆளை வைத்து வேலை வாங்கித்தான் அது கைவரும். மாணவர் பயிற்சிக்கு நிறுவனம் ஒதுக்கும் நேரத்தில், நல்ல மாணவர் ஒருவரோடு, நாளைய மேற்பார்வையாளர் ஒருவரையும் உருவாக்கிக்கொள்ள முடியும். அதற்குத் தனிச் செலவு தேவையில்லை. வாரத்தில் சில மணி நேரமும், அதை விடாமல் கவனிக்கும் ஒரு மேலாளரும் இருந்தால் போதும்.